நண்பனை வெட்டுக்குப் பறிகொடுத்த பதினேழு வயதுத் தம்பி மறுபடி கபடி ஆடுவானா?

பிளஸ் டூ படிக்கும் தம்பி, கபடியில் லெஃப்ட் கார்னர் (இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் இடம்) ஆடுகிறவன், மாவட்ட அளவில் பேர் தெரிந்தவன். சின்ன வயதிலிருந்து கூடவே ஆடிய நண்பனை மூன்று மாதத்துக்கு முன் தெருமுனையில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அன்றிலிருந்து இவன் மைதானத்துப் பக்கமே போகவில்லை. கோச் "எப்படியாவது கூட்டி வாங்க, திறமை வீணாப் போகுது" என்கிறார். அம்மா திருப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். எது சரி என்று அக்காவாக நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய மூன்று விஷயங்கள் எனக்குக் கேள்வியைவிடப் பெரிதாகப் படுகின்றன. கேத வீட்டில்கூட அவன் அழவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அவனைவிட மூத்த பையன்களோடு பைக்கில் போய் வருகிறான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நண்பன் படத்தைப் போட்டு "வருசம் தாண்டாது" என்று எழுதியிருந்தான். தம்பி கையில் அருவா வந்துவிடுமோ, இல்லை அவன் மேலேயே விழுமோ என்ற பயத்தைத்தான் நீங்கள் கபடிக் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். கபடி கடைசியில் வரும்.

நான் மனநல சமூகப் பணி படித்தவள். மதுரையின் தெற்குப் பக்கத்துப் பள்ளிகளிலும், வழக்கில் மாட்டிய பையன்களோடும் பல வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெய்ஹிந்துபுரம், கீரைத்துறை, காமராஜர்புரம், செல்லூர் என்று பேரைச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், வீடு வாடகைக்குக் கேட்டால் யோசிக்கிறார்கள். அதே செல்லூர் ரவுண்டானாவில் கபடி ஆட்டக்காரர்களுக்குச் சிலை நிற்கிறது. இந்தத் தெருக்களில் வளர்கிற பையன்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு ஆயுதத்தைத் தொடாமலே வேலைக்குப் போய்க் கல்யாணம் முடித்துப் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். உங்கள் தம்பியும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் அவனை இப்போதே ரவுடியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அவனுக்கு வீட்டைவிட பைக் கூட்டமே மேல் என்று ஆகிவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இந்த ஊரில் ஒரு கொலை அதோடு முடிவது அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும். கீரைத்துறைப் பக்கம் இரண்டு தரப்புக்கு நடுவே இருபது வருடத்துக்கு மேலாக ஓடும் பகை எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று ஊரே பார்த்தது. அந்த மாதிரிப் பகையில் சேர்கிற சின்னப் பையன்களிடம் பேசியிருக்கிறேன். முதல் சண்டை எதற்காக வந்தது என்றே பல பேருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் "நம்ம பயல வெட்டுனாய்ங்க" என்பது மட்டும்தான். பழி வாங்கும் பேச்சு எப்போதும் ஒரே சூட்டில் இருக்காது. பதினாறாம் நாள், இறந்தவனின் பிறந்தநாள், எதிர்த்தரப்பு ஆள் ஜாமீனில் வெளியே வரும் நாள், முதலாம் ஆண்டு நினைவுநாள், இந்த நாட்களில் ஏறும். உங்கள் தம்பியின் "வருசம் தாண்டாது" என்ற வரி, வருசம் முடியும் முன் பழி தீர்ப்போம் என்ற அந்தக் கணக்கில் வந்ததுதான். அவன் சொந்தமாக யோசித்து எழுதியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏரியாவில் யாரோ சொன்னதை எடுத்துப் போட்டிருப்பான். ஆனாலும் அலட்சியமாக விடக்கூடாது. எதிர்த்தரப்புக்காரனும் ஸ்டேட்டஸ் பார்க்கிறான். போலீசும் பார்க்கிறது. நாளைக்கு எதுவும் நடந்தால், இவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள்.

இதை அவனிடம் பேசுவதற்கு முன்னால், அந்தக் கூட்டத்துக்கு அவன் ஏன் போகிறான் என்று புரிய வேண்டும். மதுரையில் ஒரு சின்னப் பையன் செத்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) மார்ச்சுவரி வாசலில் விடிய விடிய நிற்பவர்கள் நண்பர்கள். தப்புச் செட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டு, பூவை இறைத்து, தத்தனேரி மயானம் வரைக்கும் தூக்கிப் போகிறவர்களும் நண்பர்கள்தான். சரி, அதற்கு அப்புறம்? மொட்டை போடுவது ரத்தச் சொந்தம். கருமாதியில் உட்காருவது பங்காளிகள். தலைக்கட்டு, உருமால் என்ற சடங்குகள் எல்லாமே முறைப்படி உறவுக்குத்தான். கேதம் கேட்க வருகிறவர்கள் இறந்தவனின் அப்பா அம்மாவிடம் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். "உன் கூட்டாளி போயிட்டானேப்பா" என்று பதினேழு வயதுப் பையனிடம் வந்து உட்கார்ந்து யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு நம் சடங்கில் இடம் இல்லை. மூன்றாம் நாளே பள்ளிக்கூடத்தில் "மனச தேத்திக்க, எக்ஸாம் வருது" என்று சொல்லிவிடுகிறோம்.

அவனுக்கு இடம் கொடுப்பது யார்? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறார்களே, அவர்கள். சுவர் முழுக்க முகம், கீழே வரிசையாக நண்பர்கள் படம், பேர். உங்கள் தம்பி படமும் அதில் இருந்திருக்கும். ஏரியாவில் ஒரு அண்ணன் காசு போட்டிருப்பார். அந்த அண்ணன்தான் இவன் தோளில் கை போட்டு "நீதாண்டா அவனுக்கு எல்லாம்" என்று சொல்லியிருப்பார். சொந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. அதைச் சொன்ன ஆள் கூப்பிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் போகத்தான் தோன்றும். இதை நான் வருடக்கணக்காகப் பார்த்து வந்த முடிவாகச் சொல்கிறேன், ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை: கோபத்தால் கூட்டத்தில் சேர்கிறவர்களைவிட, துக்கத்தை வைக்க வேறு இடம் இல்லாமல் சேர்கிறவர்கள் அதிகம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். படம் வரைவான், மொபைலிலேயே பிரமாதமாக டிசைன் செய்வான். அவன் நண்பன் வெட்டுப்பட்டுச் செத்த ராத்திரி, அஞ்சலி போஸ்டர் செய்யும் வேலை இவனிடமே வந்தது. நண்பன் சிரித்துக்கொண்டிருக்கும் நல்ல படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, இவர்கள் இரண்டு பேரும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குத் தோளில் கை போட்டு எடுத்தது. அதிலிருந்து தன்னை வெட்டி எடுக்க வேண்டும். முகத்தை எடுத்தான், உடம்பை எடுத்தான், நண்பனின் தோளில் இருந்த கையை மட்டும் சுத்தமாக எடுக்க முடியவில்லை. சட்டை மடிப்போடு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிகிற நேரத்தில் அப்படியே அனுப்பிவிட்டான். போஸ்டரில் பின்னால் சிங்கம், பக்கவாட்டில் வாள், நடுவில் நண்பன், தோளில் யாருடையதென்று தெரியாத நாலு விரல். "அக்கா, அது என் விரல்" என்று என்னிடம் சொன்னபோது ஆறேழு வாரம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் எல்லோரும் அவனிடம் கேட்டது எத்தனை வெட்டு, யார் யார் வந்தார்கள், நீ எங்கே இருந்தாய் என்பது மட்டும்தான். ஸ்டேஷனில் கேட்டதும் அதுதான், டீக்கடையில் கேட்டதும் அதுதான். நான் அவன் நண்பன் எப்படி ஆடுவான், எதற்குச் சிரிப்பான், யாரைக் கிண்டல் பண்ணுவான் என்று கேட்டேன். பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் அவன் வரையவே இல்லை. இப்போது ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருக்கிறான். அஞ்சலி போஸ்டர் வந்தால் மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறான்.

உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். துக்கம் விசாரியுங்கள். உண்மையாகவே, கேத வீட்டில் பெரியவர்களிடம் பேசுவதுபோல அவனிடம் பேசுங்கள். அம்மா சாப்பாடு போடும்போது "அவன் நம்ம வீட்டுக்கு வந்தா எப்பவும் ரசம் கேப்பான்" என்று தானாகச் சொல்லட்டும். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், அவனைக் கூட்டிக்கொண்டு நண்பனின் அம்மாவைப் போய்ப் பாருங்கள். சும்மா போகாமல் ஏதாவது வேலையோடு போவது நல்லது. ரேஷன் வாங்கித் தருவது, இறப்புச் சான்றிதழுக்கு அலைவது, கோர்ட் சமாச்சாரம் விசாரிப்பது, எதுவாக இருந்தாலும் சரி. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு இழப்பீடு கேட்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், பல குடும்பங்களுக்கு அது தெரியாது. அந்த மனுவை உங்கள் தம்பி எழுதிக் கொடுக்கலாமே. செத்தவனுக்காகச் செய்வதற்கு ஒரு காரியம் அவன் கையில் இருக்கும். எதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த வீட்டிலேயே பழி பேசுகிற ஆட்கள் உட்கார்ந்திருந்தால், அந்தம்மாவை வேறு இடத்தில் பாருங்கள்.

அடுத்தது சட்டம். "பதினெட்டு ஆகலைல, ஒண்ணும் செய்ய முடியாது, சீர்திருத்தப் பள்ளில கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துரலாம்" என்று பைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். இது பாதிதான் உண்மை, மீதிப் பாதி இவனைக் கவிழ்க்கும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 18 முடியாதவன் சிறுவன்தான். லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் 16 முடிந்தவன் கொலை மாதிரியான கொடிய குற்றத்தில் மாட்டினால், அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அவன் மனநிலையும் புரிதலும் எப்படி என்று குழுமம் மதிப்பிடும். அதை வைத்துக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றி, பெரியவனைப்போலவே விசாரிக்க வழி இருக்கிறது. அப்படித் தண்டனை வந்தால் 21 வயது வரை தனி இடத்தில் வைத்திருந்துவிட்டு, மீதிக் காலத்துக்குச் சிறைக்கு மாற்றவும் முடியும். சாதாரணமாகச் சிறுவர் மேல் வந்த தீர்ப்பு பிற்கால வேலை வாய்ப்பைப் பாதிக்கக் கூடாது என்று சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பைக்கை மட்டும் ஓட்டினேன், சும்மா கூடப் போனேன் என்பதெல்லாம் நிற்காது. பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தால் வெட்டியவனுக்கு என்ன வழக்கோ அதுதான் கூட நின்றவனுக்கும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கார்னர் ஆடுகிற ஒரு பையனுக்கு அது வெறும் பேச்சு இல்லை, கூட ஆடிய அண்ணன்கள் யாராவது அதில் போயிருப்பார்கள். அந்தக் கதவு இந்த ஒரு ராத்திரியில் மூடிவிடும் என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்னால் அக்கா பயமுறுத்துகிறாள் என்று நினைப்பான். இந்த வழக்குகளில் ஆஜராகும் வக்கீல் ஒருவர் மூலம் சொல்ல வையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேட்டால் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அந்த வக்கீல் இன்னொன்றையும் சொல்லட்டும். சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கின்றன. பதினெட்டுக் கணக்கைக் காட்டிச் சின்னப் பையன் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிற "அண்ணன்" தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார் என்று பையன்களுக்கு ஒருமுறை விளங்கிவிட்டால், அந்த அண்ணன் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கும். நான் பார்த்தவரையில் "ஜெயிலுக்குப் போவ" என்ற மிரட்டலைவிட "உன்னப் பகடையா உருட்டுறாய்ங்க" என்ற பேச்சுதான் பையன்கள் காதில் ஏறுகிறது.

திருப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒரு பாதிதான். உங்கள் தம்பி சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி என்றாலோ, எதிர்த்தரப்பில் அவன் பேர் அடிபடுகிறது என்றாலோ, பழி வாங்க நாள் குறித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தாலோ யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே ஊரைவிட்டு அனுப்புங்கள். பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தனித்தேர்வராகக்கூட எழுத முடியும். சாட்சி என்றால் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்யலாம். அதற்கும் மேலே சொன்ன ஆணைக்குழு உதவும். அப்படி எதுவும் இல்லை, பயத்தில் மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாமா வீட்டில் இருந்துகொண்டு பனியன் கம்பெனிக்குப் போய் நல்லபடியாக ஒதுங்கிவிட்ட பையன்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே யாரோடும் பேசாமல், மொபைலில் மட்டும் ஏரியாவோடு ஒட்டிக்கொண்டு, நினைவுநாளுக்கு வந்து வம்பில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல என்னால் முடியாது. ஒரு நடுவழி உண்டு. பள்ளிக்கூடத்தை விடாமல், ஆபத்தான நாட்களில் மட்டும், அதாவது நினைவுநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம், எதிராளி ஜாமீனில் வரும் நேரம், இப்படிப்பட்ட சமயங்களில் வெளியூர் அனுப்புவது. முன்கூட்டியே ஒரு காரணம் தயாராக இருக்கட்டும். மாமா வீட்டு விசேஷம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, எதுவும் சொல்லலாம். பையன்களுக்கு நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும், பயந்து ஓடினான் என்ற பேர் வரக்கூடாது. சில பையன்கள் அப்படியொரு சாக்கை யாராவது தர மாட்டார்களா என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அழவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். அழாமல் இருப்பது மட்டும் நோய்க்கு அடையாளம் இல்லை, அதில் சந்தேகம் வேண்டாம். "உள்ளேயே வைத்திருந்தால் வெடித்துவிடும், எப்படியாவது அழ வைக்க வேண்டும்" என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அது எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கொலையைப் பார்த்தவனை உடனே உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வைப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதே இல்லை, சிலருக்கு அது கெடுதலாகக்கூட முடிகிறது. மூன்று மாதம் என்பது இந்த மாதிரிச் சாவுக்குக் கொஞ்ச நாள்தான். நீடித்த துக்கத்தைத் தனிக் கோளாறாகக் கணக்கில் எடுக்கும் மருத்துவ வரையறைகள்கூடச் சிறுவர்களுக்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. ஆனால் வேறு சிலவற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. வெட்டிய காட்சி கண் முன்னால் திரும்பத் திரும்ப வருவது, அந்தத் தெருவழியே போகாமல் சுற்றிப் போவது, பைக் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, ராத்திரி தூக்கமே இல்லாதது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது அதிர்ச்சி சார்ந்த பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ராத்திரி வெளியே போவதில் ஒரு பகுதி தூக்கம் வராததால் இருக்கலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். "நானும் போயிருக்கணும்" என்பதுபோலப் பேசினாலோ, குடியோ மாத்திரையோ பழகுகிறான் என்று தெரிந்தாலோ, அன்றே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், செலவு கிடையாது. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவன் வர மறுத்தால் நீங்களாவது 14416-க்குப் போன் செய்து பேசுங்கள், அது அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

இனிக் கபடி. நீங்கள் எழுதியதில் ஒரு வரி கோச்சுக்கும் அம்மாவுக்கும் சாதாரணமாகப் பட்டிருக்கலாம்: இவன் லெஃப்ட் கார்னர், நண்பன் லெஃப்ட் இன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடி வருகிறவனைப் பிடிக்க நிற்கும்போது கார்னரும் அவன் பக்கத்தில் நிற்கும் 'இன்' ஆட்டக்காரனும் கை கோத்து நிற்பார்கள். பாடுகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிற அந்த நொடியில் கார்னர் கணுக்காலில் விழ வேண்டும். எப்போது விழுவது என்று வாய் திறந்து பேச நேரம் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் கையின் இழுப்பும் அழுத்தமும்தான் பேச்சு. கார்னர் ஆட்டக்காரனின் பாதித் திறமை பக்கத்துக் கையில் இருக்கிறது என்று கபடிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருடக்கணக்காகப் பிடித்த கை அது. இப்போது கோச் அந்த இடத்தில் வேறொரு பையனை நிறுத்தி, இவனைக் கூப்பிடுகிறார். அவன் ஆட்டத்தை வெறுத்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. புதுக் கையைப் பிடிப்பது அவனுக்குத் துரோகமாகத் தெரிகிறதோ என்னவோ. இது என் ஊகம்தான், அவன் வாயால் வந்தால்தான் உறுதி.

ஊகம் சரியாக இருந்தால் வழியும் அதிலிருந்தே வரும். நேராக ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். கோடு போட, ஸ்கோர் எழுத, சின்னப் பையன்களுக்கு நடுவராக விசிலடிக்க என்று யாரும் கை கோக்காத வேலைக்குக் கூப்பிடட்டும். வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் போதும். ஆட ஆரம்பித்தால் கொஞ்ச நாள் ரைட் சைடில் நிறுத்தலாம், அல்லது ரைடு போகச் சொல்லலாம். தனியாகப் பாடிப் போய்வரும்போது யார் கையும் வேண்டியதில்லை. "அவனுக்காக ஆடுடா", "கப்பை அவன் போட்டோ முன்னால வை" என்பதுபோன்ற பேச்சில் ஜாக்கிரதையாக இருங்கள். சில பையன்களை அது தூக்கிவிடுகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த மேட்ச் தோற்றால் செத்தவனையே தோற்கடித்துவிட்டதாக நொறுங்கிப் போகிறவர்களும் உண்டு. அந்த நேர்த்திக்கடனை அவனே எடுத்துக்கொண்டால் சரி, பெரியவர்கள் ஏற்றிவிடக் கூடாது. அவன் ஒருநாள் திரும்பவே ஆடாமலும் போகலாம். அப்படி ஆனால் வீட்டுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் திறமை வீணாயிற்றே என்ற பேச்சு அவன் காதுபட வேண்டாம். நண்பன் போனதைவிட ஆட்டம் போனதுதான் இவர்களுக்கு வலிக்கிறது என்று அவனுக்குக் கேட்கும்.

கோச்சுடைய அவசரத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஏரியாவில் இந்த வயதுப் பையன்களை சாயங்காலம் ஒரு இடத்தில் கட்டி வைப்பது அவர் மாதிரி ஆட்கள்தான், பெரும்பாலும் சம்பளம்கூட இல்லாமல். அவரிடம் மரியாதையாக இரண்டு விஷயம் பேசுங்கள். முதலாவது வயது. பள்ளி விளையாட்டுக்கு 19 வரை பிரிவு இருக்கிறது, ஜூனியர் கபடிக்கு 20 வரை. பிளஸ் டூ முடித்தபின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் மதுரையிலேயே உண்டு. பதினேழு வயதில் சில மாதம் விட்டால் மூச்சும் வலுவும் குறையும், ஆனால் பிடி மறக்காது. அதனால் இந்த வருட அணித் தேர்வு போனால் போகட்டும் என்று அவர் வாயால் உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் அவன் நம்புவான். இரண்டாவது, டீமில் இருக்கும் மற்ற பையன்கள். அவர்களும் அதே நண்பனைப் பறிகொடுத்தவர்கள்தான், அவர்களிலும் யாராவது ராத்திரி பைக்கில் போய்க்கொண்டிருக்கலாம். கோச் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் உட்கார வைத்து, போனவனைப் பற்றி, அவன் பிடித்த பிடிகளைப் பற்றிப் பேசவிடட்டும். அன்றைக்கு உங்கள் தம்பி வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். அணித் தேர்வுத் தேதி, டீம் லிஸ்ட் எதையும் இப்போதைக்கு அவன் நம்பருக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.